உதறித் தள்ளு ‘உவ்வே’ பயம்!

2011, மார்ச் 20. சேப்பாக்கம் ஸ்டேடியம். உலகக் கோப்பை லீக் மேட்ச். வெஸ்ட் இண்டீஸ் பந்துவீச்சை வெளுத்துக்கொண்டிருக்கிறார் யுவராஜ் சிங். திடீரென்று ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் குனிகிறார். கிரவுண்டிலேயே வாந்தி! சென்னை வெயிலின் வேலை என்றுதான் அவரே நினைத்தார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பேட்டைப் பிடித்தார். 113 ரன்!

வெயில் இல்லை, நெஞ்சுக்குள் இரண்டு நுரையீரல்களுக்கு நடுவில் கட்டி என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2012 தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் அவருக்கு கீமோதெரபி. அதே வருஷம் செப்டம்பர் மாதம், அதே சேப்பாக்கத்தில், நியூஸிலாந்துக்கு எதிராக மறுபடி களமிறங்கினார்.

பேப்பரில் படிக்கும்போது இதெல்லாம் நாலு வரி. நடுவில் இருக்கும் அந்த மாதங்கள்தான் மேட்டர். அதிலும் குறிப்பாக ஒரு பயம்... ‘வாந்தி வருமோ’ என்கிற பயம்!

‘உயிரே போகுமோன்னு கவலைப்பட வேண்டிய நேரத்தில் போயும் போயும் வாந்திக்கா பயம்?’ என்று கேட்காதீர்கள். 1983-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில், கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தவர்களிடமே, ‘இதில் உங்களுக்கு ரொம்பக் கொடுமையானது எது?’ என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். முதலிடம் வாந்திக்கு. இரண்டாமிடம் குமட்டலுக்கு. முடி கொட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பொதுவாகவே நம்மில் சிலருக்கு வாந்தி என்றாலே அலர்ஜி. காலேஜ் டூர்னு கொல்லிமலைக்கு பஸ் புக் பண்ணினால், 70 கொண்டை ஊசி வளைவு என்று கேட்டதுமே, ‘எனக்கு அன்னிக்கு ஊர்ல விசேஷம் மச்சான்’ என்று ஜகா வாங்குவார்களே, அவர்கள். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் சீட்டுக்கு அடிதடி பண்ணி, பக்கத்து சீட்காரன் ஏப்பம் விட்டாலே வெளிறிப் போகிறவர்கள். சிலருக்கு இது இன்னும் முற்றிப்போய் வாழ்க்கையையே ஆட்டி வைக்கும். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட பயம், கல்யாணப் பந்தியில் உட்கார பயம், பிஸ்கட் பாக்கெட்டில் எக்ஸ்பயரி தேதியை நாலு தடவை பார்க்கிற பயம். டாக்டர்கள் இதை ‘எமிட்டோஃபோபியா’ என்கிறார்கள். பெரும்பாலும் சின்ன வயசிலேயே ஆரம்பித்துவிடும். வெளியே சொன்னால் சிரிப்பார்களோ என்று பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள்.

அப்படி ஒருத்தருக்கு, 20 வயதில், ‘உனக்கு ஆறு சைக்கிள் கீமோ’ என்று டாக்டர் சொன்னால்? முதல் சைக்கிளுக்கு நடுங்கிக்கொண்டே போவார். அது மோசமாகப் போனால் இரண்டாவதுக்குத் தேதி தள்ளுவார். மூன்றாவதுக்கு ‘நாட்டு வைத்தியம் பார்த்துக்கலாம்பா’ என்பார். ஆபத்து அங்கேதான். இளம் வயதில் வரும் புற்றுநோய்களில் பல, உதாரணத்துக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, விரைப்புற்று எல்லாம், முழுசாகக் குணப்படுத்தக்கூடியவை. ஆனால் ஒரு கண்டிஷன். கோர்ஸை ஒழுங்காக முடிக்க வேண்டும். அரியர் வைத்து அப்புறம் எழுதிக்கொள்கிற பேப்பர் இல்லை இது.

பழைய கதையைக் கொஞ்சம் கேட்டுவிட்டால், இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை என்பது புரியும்.

1965-ல் மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் பார்னெட் ரோஸன்பெர்க் என்கிற விஞ்ஞானி, பாக்டீரியா வளரும் கரைசலில் மின்சாரம் செலுத்தி ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தார். பாக்டீரியா இரண்டாகப் பிரிவது நின்றுவிட்டது. காரணம் மின்சாரம் இல்லை, எலெக்ட்ரோடில் இருந்த பிளாட்டினம்! அதிலிருந்து பிறந்ததுதான் ‘சிஸ்பிளாட்டின்’ மருந்து. 1974-ல் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்கிற இளம் டாக்டர், நோய் உடம்பெல்லாம் பரவி நம்பிக்கையே இல்லாமல் இருந்த ஜான் கிளெலண்டுக்கு, வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து இதைக் கொடுத்தார். விரைப்புற்று இருப்பது தெரிந்தபோது கிளெலண்ட் பர்டூ யுனிவர்சிட்டி மாணவர். பிழைத்தார். பிற்பாடு பள்ளிக்கூடத்தில் பயாலஜி வாத்தியாராகவும் ஆனார்! அதுவரைக்கும் பரவிய விரைப்புற்று என்றால் பத்துப் பேரில் ஒருவர் பிழைத்தாலே அதிசயம். இந்த மருந்து வந்த பிறகு பத்தில் எட்டுப் பேர்.

ஆனால் சிஸ்பிளாட்டினுக்கு ஒரு பொல்லாத குணம். வாந்தியைத் தடுக்கும் மருந்து கொடுக்காவிட்டால், ஏற்றிக்கொண்ட அத்தனை பேருமே எடுப்பார்கள் என்று சொல்லிவிடலாம். அதுவும் ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, நாள் முழுக்க. அந்தக் காலத்தில் அதைத் தடுக்க உருப்படியான மருந்து கிடையாது. ‘இந்த மருந்து வேலை செய்கிறது, ஆனால் தாங்க முடியவில்லை’ என்று நடுவில் ஓடியவர்கள் உண்டு. இன்றைக்கும் நம் பாட்டி, பெரியம்மா எல்லாம் கீமோ என்றதும் உச்சுக் கொட்டுவது அந்தக் காலத்து நினைவில்தான். வெள்ளைக் கர்ச்சீப்பைத் தூக்கிக்கொண்டு இருமும் நம் சினிமா ஹீரோக்களுக்கும் இதில் கணிசமான பங்குண்டு!

அந்த ஐன்ஹார்ன் புற்றுநோய் மருந்தோடு நிற்கவில்லை, வாந்தியைத் தடுக்கும் மருந்துகளையும் சோதித்துப் பார்த்தார். 2012-ல் யுவராஜுக்கு சிகிச்சை கொடுத்ததும் அவரேதான்.

வயிற்றுக்குள் ஒரு மிஸ்டு கால்

கீமோ மருந்து ரத்தத்தில் ஏறியதும் என்ன நடக்கிறது? குடலின் உள்சுவரில் இருக்கும் சில செல்கள் ‘செரட்டோனின்’ என்கிற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. அது பக்கத்திலிருக்கும் ‘வேகஸ்’ நரம்பைத் தட்ட, நரம்பு மூளையின் அடித்தண்டுக்கு போன் போடுகிறது... ‘விஷம் உள்ளே வந்துடுச்சு, வெளியே தள்ளு!’ கெட்டுப்போன பரோட்டா சாப்பிட்டால் உடம்பு நம்மைக் காப்பாற்றுவதற்காக வைத்திருக்கும் அதே அலாரம். பாவம், அதற்கு பரோட்டாவுக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாது.

இந்த போன் லைனைக் கட் பண்ணுவதுதான் இன்றைய வைத்தியம். 1981-ல் மெட்டோகுளோப்ரமைடு என்கிற பழைய மருந்தை அதிக அளவில் கொடுத்தால் சிஸ்பிளாட்டின் வாந்தி அடங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். பெரிய திருப்பம் 1991-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘ஓன்டன்செட்ரான்’. வயிறு சரியில்லை என்றால் நம்மூர் டாக்டர் எழுதித் தருவாரே, அதே மாத்திரைதான். செரட்டோனின் போய் உட்காரும் நாற்காலியில் இது முன்னாடியே கர்ச்சீப் போட்டு இடம் பிடித்துவிடும்!

முதல் நாள் வாந்தி இதில் அடங்கியது. ஆனால் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை தலைகாட்டும் குமட்டலுக்கு லைன் வேறு. ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்கிற இன்னொரு ரசாயனத்தின் வேலை அது. அதைத் தடுக்கும் ‘அப்ரெபிடன்ட்’ 2003-ல் வந்தது. கூடவே ‘டெக்ஸாமெத்தசோன்’ என்கிற ஸ்டீராய்டு. அப்புறம், 2016-ல் 380 பேரிடம் நடத்திய ஆய்வில், ‘ஓலன்சபின்’ என்கிற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, முதல் 24 மணி நேரத்தில் குமட்டலே இல்லாதவர்கள் 74 சதவிகிதம். சேர்க்காதவர்களில் 45 சதவிகிதம்தான்.

இந்த ஓலன்சபின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இது முதலில் மனநோய்க்காக வந்த மருந்து. சீட்டை எடுத்துக்கொண்டு வந்து நெட்டில் தேடினால், ‘எனக்கு எதுக்கு மனநோய் மாத்திரை?’ என்று பகீர் என்றிருக்கும். பயம் வேண்டாம், இங்கே அது குமட்டலுக்காக மட்டும், சில நாட்களுக்கு மட்டும். தூக்கம் மட்டும் கண்ணைச் சுழற்றும். அதற்கும் மும்பை டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் வழி தேடினார்கள். வழக்கமான 10 மில்லிகிராமுக்கு பதில் 2.5 மில்லிகிராம் கொடுத்தாலே வாந்தியைத் தடுப்பதில் குறைவில்லை, தூக்கக் கலக்கமும் குறைகிறது என்பது 2024-ல் வெளியான அவர்களது ஆய்வின் முடிவு.

இன்னொரு விஷயம். எல்லா கீமோவும் ஒன்றில்லை! தடுப்பு மருந்து இல்லாவிட்டால் எத்தனை பேருக்கு வாந்தி வரும் என்பதை வைத்து டாக்டர்கள் மருந்துகளை நான்கு கிளாஸாகப் பிரித்திருக்கிறார்கள். 90 சதவிகிதத்துக்கு மேல், 30-லிருந்து 90, 10-லிருந்து 30, 10-க்கும் கீழே. சிஸ்பிளாட்டின் முதல் கிளாஸ். ரத்தப் புற்றுநோயில் கொடுக்கும் வின்கிரிஸ்டின் கடைசி கிளாஸ். அதனால் முதல் நாளே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘சார், என் மருந்து எந்த கிளாஸ்?’ என்பதுதான். பக்கத்து பெட்காரரின் அனுபவம் உங்கள் அனுபவம் ஆகவே ஆகாது. அவர் மருந்து வேறு, வயசு வேறு.

வயசு என்றதும் ஞாபகம் வருகிறது. வயதானவர்களைவிட இளைஞர்களுக்கு, ஆண்களைவிடப் பெண்களுக்கு, பஸ்ஸில் தலை சுற்றும் பார்ட்டிகளுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் அதிகமாக வர வாய்ப்பிருக்கிறது. தண்ணி அடித்துப் பழகியவர்களுக்குக் குறைவாம்! இதைச் சாக்காக வைத்துக்கொண்டு யாரும் டாஸ்மாக் பக்கம் கிளம்ப வேண்டாம். அது டாக்டர்கள் யாருக்கு மருந்தைக் கூட்டலாம் என்று கணக்குப் போடத்தான். அதனால்தான் கொல்லிமலை கதையை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்கிறோம்.

சொல்வதில்தான் நமக்குத் தயக்கம். ஓ.பி-யில் நூறு பேர் வெயிட்டிங். டாக்டர் ‘எப்படிப்பா இருக்கே?’ என்று கேட்டால், பையன் வாயைத் திறப்பதற்குள், ‘நல்லா இருக்கான் சார், ஒண்ணும் பிரச்னை இல்ல’ என்று அப்பா பதில் சொல்லிவிடுவார். முதல் சைக்கிளில் மூன்று நாள் படுத்தபடி கிடந்த விஷயம் அங்கேயே அமுங்கிவிடும். ஒரு துண்டுச் சீட்டில், எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். கூடவே ஒரு வரி: ‘சார், எனக்கு வாந்தின்னாலே சின்ன வயசிலிருந்து ரொம்ப பயம்.’ முதல் சைக்கிளில் கொடுத்த மருந்து போதவில்லை என்றால் இரண்டாவதில் மாற்றவோ, சேர்க்கவோ வழி இருக்கிறது. சொன்னால்தானே தெரியும்?

பாவ்லோவின் நாயும் ஆஸ்பத்திரி வாசனையும்

இப்போதுதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. மருந்து இன்னும் ஏறவே இல்லை. ஆஸ்பத்திரி கேட்டில் நுழைந்து ஸ்பிரிட் வாசனை பட்டதுமே சிலருக்குக் குமட்டும். சிலருக்கு முதல் நாள் ராத்திரியே. சிவப்பு நிறத்தில் இருக்கும் ‘டாக்ஸோரூபிசின்’ ஏற்றிக்கொண்ட சிலருக்கு, ரோஸ்மில்க்கைப் பார்த்தால்கூட வயிறு புரளலாம். சிகிச்சையெல்லாம் முடிந்து வருஷங்கள் கழித்து, கடைத்தெருவில் அந்த நர்ஸைப் பார்த்ததும் வாந்தி வந்தவர்களைப் பற்றிக்கூட டாக்டர்கள் சொல்வதுண்டு. நர்ஸ் பாவம், அவர் என்ன செய்வார்?

‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்று வீட்டில் திட்டுவார்கள். பிரமை இல்லை, இது பிளஸ் டூ பாடம்! மணியடித்தால் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் ஞாபகம் இருக்கிறதா? மணிக்கு பதில் ஸ்பிரிட் வாசனை, எச்சிலுக்கு பதில் குமட்டல். அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று சைக்கிள்களில் வாந்தி அதிகம் இருந்தால்தான் மூளை இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. அதனால், ‘வந்தால் பார்த்துக்கலாம்’ என்று தடுப்பு மாத்திரையைப் பையிலேயே வைத்திருக்கும் வீரம் இங்கே வேலைக்காகாது. குமட்டல் இல்லாவிட்டாலும், டாக்டர் எழுதிய நாள் வரை, எழுதிய நேரத்துக்குப் போட்டுவிட வேண்டும்.

சாப்பாட்டிலும் இதே கூத்து நடக்கும். 1978-ல் அமெரிக்காவில் ஐலீன் பெர்ன்ஸ்டீன் என்கிற உளவியலாளர், கீமோவுக்குக் கொஞ்சம் முன்னால் குழந்தைகளுக்குப் புதுச் சுவையில் ஒரு ஐஸ்க்ரீம் கொடுத்தார். அப்புறம் அந்தக் குழந்தைகளில் பலர் அந்த ஐஸ்க்ரீமைத் தொடவே இல்லை. வாந்திக்குக் காரணம் மருந்துதான் என்று தெரிந்திருந்தும் நாக்கு கேட்கவில்லை! 1987-ல் அவரும் இன்னொரு ஆய்வாளரும் இதையே திருப்பிப் போட்டார்கள். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவில், சுவை தூக்கலான ஒரு மிட்டாய். பழியெல்லாம் மிட்டாய் மேல் விழ, சாப்பாடு ஓரளவு தப்பித்தது!

இதிலிருந்து நமக்கு ஒரு யோசனை. ‘புள்ள தெம்பா போகட்டும்’ என்று கீமோ அன்றைக்குக் காலையில் உங்களுக்கு உயிரான மட்டன் பிரியாணியை அம்மா கட்டித் தந்தால், அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வத்தக்குழம்பு, மீன் குழம்பு எதுவானாலும் சரி, ஃபேவரைட் ஐட்டங்களை அந்த இரண்டு மூன்று நாளுக்கு பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அன்றைக்கு சாதுவாக இரண்டு இட்லி, அப்புறம் பலியாடு மாதிரி ஒரு மிட்டாய், நீங்கள் வாழ்க்கையில் இனி சாப்பிடாவிட்டாலும் கவலைப்படாத ஒரு மிட்டாய்.

கற்றுக்கொண்ட பாடத்தை மூளையிடமிருந்து அழிக்கவும் வழி இருக்கிறது. 1982-ல் கேரி மாரோ என்பவரின் குழு செய்து காட்டியது இது. கை, தோள், முகம், கால் என்று ஒவ்வொரு தசையாக இறுக்கி, பிறகு தளர்த்தப் பழக வேண்டும். உடம்பு முழுக்கத் தளர்ந்த நிலையில், ‘நாளைக்கு ஆஸ்பத்திரி’ என்று மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பதற்றம் வராவிட்டால் அடுத்த காட்சி, ‘பஸ்ஸில் ஏறுகிறேன்’. அடுத்து, ‘கேட்டில் நுழைகிறேன்’. கடைசியாக, ‘கையில் ஊசி’. படிப்படியாக. பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும் சைக்காலஜிஸ்ட்டிடம் கேட்டால் சொல்லித் தருவார். எமிட்டோஃபோபியாவுக்கும் இதே பாணியில், பயப்படும் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திக்க வைக்கும் பயிற்சி உண்டு. கீமோ தேதி நெருங்கிவிட்டது, அதற்கெல்லாம் டைம் இல்லை என்றால், முதல் நாள் ராத்திரியும் அன்று காலையும் போட ‘லோராசெபாம்’ மாதிரி பதற்றம் குறைக்கும் மாத்திரையை டாக்டர் தரலாம். பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரை என்பதால் சீட்டு இல்லாமல் தொடக் கூடாது.

எளிய வைத்தியம் ஒன்று, உங்களுக்கு ரொம்பப் பிடித்தது. 1987-ல் வில்லியம் ரெட் என்பவரின் குழு, கீமோ எடுக்க வந்த குழந்தைகளை வீடியோ கேம் ஆட விட்டது. ஆடும்போது குமட்டல் குறைந்தது! ‘எப்பப் பாரு போனையே நோண்டிக்கிட்டு’ என்று திட்டும் அப்பாவிடம் காட்ட ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது. ஆனால் பாட்டு விஷயத்தில் மட்டும் உஷார். உங்களுக்கு உயிரான ஆல்பத்தை டிரிப்ஸ் ஓடும்போது கேட்காதீர்கள், பிரியாணிக்குச் சொன்ன அதே காரணம்தான். இதற்கு ஆய்வு எதையும் காட்டவில்லை, எங்கள் சொந்த யோசனை.

வீட்டில் தாளிப்பு வாசனை பெரிய எதிரி. சமைக்கும்போது மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு, அதனால் தயிர் சாதம் பல பேருக்குக் கை கொடுக்கும். மூன்று வேளை முழுக்கக் கட்டுவதைவிட ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாக. வெறும் வயிற்றோடு இருந்தால் குமட்டாது என்பது தப்புக் கணக்கு, அது இன்னும் கூட்டும். சாப்பிட்டதும் படுக்க வேண்டாம். இஞ்சி கொஞ்சம் உதவலாம், ஆனால் மாத்திரைக்கு பதில் இஞ்சி இல்லை. ரோட்டோரப் பானிபூரி, வெட்டி வைத்த பழம் எல்லாம் கட். வெள்ளையணுக்கள் குறையும் நேரத்தில் அது வேறு வம்பு. ஓன்டன்செட்ரான் மலச்சிக்கல் கொடுக்கும், அந்த வயிற்று உப்புசமே குமட்டல் மாதிரி தோன்றும் என்பதால் அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பையில் இரண்டு பிளாஸ்டிக் கவர், ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், மாற்றுச் சட்டை. ‘வந்தால் என்ன செய்வது’ என்பதற்குப் பதில் பையிலேயே இருந்தால் பாதி டென்ஷன் போய்விடும்.

இத்தனையும் செய்தும் வாந்தி வரலாம். வந்தால், ‘நான் பயந்ததால்தான் வந்தது’ என்று உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். மருந்தின் வேலை அது. சில நிமிஷம் கொடுமைதான், ஆனால் முடிந்துவிடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்றுகூடக் காத்திருக்கக் கூடாது, நடு ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். அது குமட்டலைவிட ஆயிரம் மடங்கு சீரியஸ்.

கிளாஸில் ஒருத்தருக்கு கீமோ நடக்கிறதா? பத்துப் பேர் கும்பலாக, பாடி ஸ்பிரே கமகமக்க, கையில் கிரில் சிக்கன் பார்சலோடு போய் நிற்காதீர்கள். சளி, இருமல் இருந்தால் போகவே வேண்டாம். ‘எங்க நாத்தனார் வீட்டுக்காரருக்கு இதே மாதிரிதான் வந்து...’ என்று ஆரம்பிக்கும் அத்தைகளை வெளியே கூட்டிப் போய் காபி வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். வாந்தி பற்றி அவராகப் பேசினால் ஒழியக் கேட்காதீர்கள். இண்டர்னல் மார்க்குக்கும் மெடிக்கல் லீவுக்கும் ஹெச்.ஓ.டி-யைப் பார்க்க வேண்டிய அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் டிரிப்ஸ் ஓடும் அந்த நாலு மணி நேரம். ‘டேய், ஒருவேளை எடுத்துட்டேன்னா?’ என்று அவன் கேட்பான். ‘எடுத்தா எடுறா, கவரு என் கையிலதான் இருக்கு. இப்ப உன் டர்னு, சீக்கிரம் ஆடு!’ என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். சார்ஜரை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.